காருக்குள் ஆயிரம் வாட்: இசைப்பெட்டி பொருத்துவோரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

புதிய கார் வாங்கிய சில மாதங்களிலேயே டிக்கியில் பெரிய சப்வூஃபர் பெட்டியும் இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபையரும் பொருத்திக்கொண்ட இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு தம் தாயாருடன் எங்கள் செவித்திறன் பரிசோதனை அறைக்கு வந்தார். காது கேட்கவில்லை என்று சொன்னவர் தாயார். தமக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னவர் மகன். “கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் டாக்டர். ஆனால் சொன்னதையே இரண்டு முறை சொல்ல வைக்கிறான். மின்விசிறி ஓடினால் ஒன்றுமே விளங்கவில்லை என்கிறான்” என்றார் அந்த அம்மா. அவர் கூறியதில் பிழை ஏதும் இல்லை என்பதைப் பரிசோதனை காட்டியது. தாழ்ந்த சுருதி ஒலிகளை மகன் நன்றாகவே கேட்டார். 4000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும், இரு காதுகளிலும், வரைகோடு பள்ளம்போல் கீழே இறங்கியிருந்தது. இரவில் காதுக்குள் கேட்கும் மெல்லிய ‘கீ’ என்ற ஓசை எல்லாருக்கும் உள்ளதுதான் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஒப்புதலுடன், பெயரைக் குறிப்பிடாமல் இதை எழுதுகிறோம். காரில் உயர்திறன் இசை அமைப்பைப் பொருத்திக்கொள்ளும் ஆர்வம் நம் ஊர்களில் பெருகியிருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கடைக்காரரிடம் மட்டுமே கேட்டறிகின்றனர். அதன் மறுபக்கத்தைக் காது மூக்கு தொண்டைப் பிரிவினராகிய நாங்கள் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இசை வேண்டாம் என்று சொல்வது எங்கள் நோக்கமன்று. எங்களுள் ஒருவருடைய காரிலும் அத்தகைய அமைப்பு இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

வாட்டும் டெசிபலும்

காரில் வானொலி என்பது புதியதன்று. 1930-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிகாகோ நகரில் கால்வின் சகோதரர்களின் நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கார்த் தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்டீரியோவின் மேல் ‘50 வாட், நான்கு சேனல்’ என்று எழுதியிருப்பினும், அது தொடர்ந்து தரக்கூடிய திறன் ஒரு ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்தான். கடைகளில் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘பீக்’ எண், கண நேரத்திற்கு எட்டக்கூடிய உச்சத்தைக் குறிப்பது. ஆர்.எம்.எஸ். என்று சிறிய எழுத்தில் இருப்பதே உண்மையான திறன். வாங்குவோர் இந்தச் சிறிய எழுத்தையே படிக்க வேண்டும்.

திறன் பெருகும்போது ஒலி எவ்வளவு பெருகும்? இங்கேதான் பலரும் தவறிவிடுகின்றனர். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். வாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். அதைக் காது ஏறத்தாழ இரண்டு மடங்கு உரப்பாக உணரும். ஆகவே 100 வாட் அமைப்பை எடுத்துவிட்டு, பெரும்பொருள் செலவிட்டு 1000 வாட் அமைப்பைப் பொருத்தினால், கேட்பவருக்குக் கிடைப்பது பத்து மடங்கு இசையன்று, இரண்டு மடங்கு உரப்பு மட்டுமே. ஆனால் உட்செவியின் கணக்கு வேறு. அதன்மீது விழும் ஒலியாற்றல் உண்மையிலேயே பத்து மடங்கு. உணர்வு குறைத்துச் சொல்வதை உறுப்பு முழுமையாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாதாரண ஸ்பீக்கர் 1 வாட் திறனில், 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபல் ஒலி தருவதாகக் கொள்வோம். 10 வாட்டில் 100, 100 வாட்டில் 110, 1000 வாட்டில் 120 டெசிபல் என்று கணக்கு ஏறும். நாள் முழுவதும் கேட்டாலும் பெரிதும் தீங்கற்ற அளவில் பாட்டுக் கேட்க 1 வாட்டே போதும் என்பது இதனால் விளங்கும். அப்படியானால் மீதி வாட் எதற்கு? இதற்கும் நியாயமான விடை உண்டு. தவிலோ டிரம்மோ ஓங்கி ஒலிக்கும் நொடியில், பாட்டின் சராசரி அளவைவிட ஒலி 15 முதல் 20 டெசிபல் வரை மேலெழும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு திறன். அந்த நொடியில் ஆம்ப்ளிஃபையருக்கு வலுவில்லையேல் அலையின் தலை வெட்டுப்பட்டு ஓசை கரகரக்கும். இதைத் தொழிலில் ‘கிளிப்பிங்’ என்பார்கள். அதைத் தவிர்ப்பதற்கு வைத்திருக்கும் கையிருப்பே கூடுதல் திறன். மேலும் 40, 50 ஹெர்ட்ஸ் போன்ற ஆழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தமானது. அவற்றைக் கேட்கச் செய்ய அதிகத் திறன் தேவைப்படுகிறது. எனவே பெரிய ஆம்ப்ளிஃபையர் என்பதே குற்றமன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மலிவான அமைப்பில் ஒலியைக் கூட்டினால் கரகரப்பு வந்துவிடும். கேட்பவர் தாமாகவே குறைத்துக்கொள்வார். சிறந்த அமைப்பில் அந்தக் கரகரப்பு இல்லை. 100 டெசிபலிலும் ஓசை தெளிவாகவும் இனிமையாகவும் இருக்கும். உரப்பாக இருக்கிறது என்ற எண்ணமே தோன்றாது. எங்களிடம் வந்த இளைஞர், “சத்தமாக வைத்ததே இல்லை” என்று சொன்னது பொய்யன்று. அவர் அப்படித்தான் உணர்ந்திருந்தார்.

காருக்குள் என்ன நிகழ்கிறது

50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புறமோ அதில் பாதிகூட இல்லை. ஆகையால் ஆழ்ந்த ஒலி அங்கே அலையாகப் பரவுவதில்லை. கதவும் கண்ணாடியும் மூடிய அந்தச் சிறு அறையின் காற்று முழுவதையும் ஒருசேர அழுத்தியும் தளர்த்தியும் இயங்குகிறது. வீட்டுக் கூடத்தில் அடக்கமாகக் கேட்கும் சப்வூஃபர், காருக்குள் நெஞ்சை அதிர வைப்பதன் காரணம் இதுவே. உலகின் சில நாடுகளில் கார் ஒலிப் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் 150 டெசிபலுக்கும் மேற்பட்ட அளவுகள் பதிவாகின்றன. ஆனால் அளவெடுக்கும்போது போட்டியாளர் காருக்கு வெளியே நின்று இயக்குவதே வழக்கம். படங்களைப் பார்த்து ஆசைப்படுவோர் இதைக் கவனிப்பதில்லை.

காருக்குள் இன்னொரு தொல்லையும் உண்டு. நெடுஞ்சாலையில் டயரும் காற்றும் எஞ்சினும் சேர்ந்து 70 டெசிபல் அளவுக்கு இரைச்சல் எழுப்பும். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதால் கை தானாகவே ஒலியைக் கூட்டுகிறது. வண்டி நின்றதும், இவ்வளவு உரப்பாகவா வைத்திருந்தோம் என்று வியப்போம். ஆகவே எங்களைக் கேட்டால், செலவின் முதல் பங்கைக் கதவுகளின் உட்புறம் ஒட்டும் அதிர்வடக்கும் விரிப்புக்கு ஒதுக்குங்கள் என்போம். அலுமினியத் தாளின்கீழ் பியூட்டைல் ரப்பர் படிந்த விரிப்பு அது. தகட்டின் அதிர்வையும் சாலை இரைச்சலையும் அது தணித்துவிட்டால், அதே பாட்டைப் பல டெசிபல் குறைத்தே நிறைவாகக் கேட்கலாம். பார்வைக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் கடைகளில் இதைப் பரிந்துரைப்போர் குறைவு.

மின்சாரமும் தீயும்

இப்பகுதி காதைப் பற்றியதன்று. ஆயினும் மருத்துவமனை ஏட்டில் இதைச் சொல்லாமல் விடலாகாது.

1000 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபையர் முழு அளவில் இயங்கும்போது, அதன் வினைத்திறன் 80 விழுக்காடு எனக் கொண்டால், பேட்டரியிலிருந்து 1250 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 13.8 வோல்ட். வகுத்துப் பார்த்தால் 90 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு ஓடும் மின்னோட்டத்தைப்போல் இது பல மடங்கு. மெல்லிய ஒயரில் இதைச் செலுத்தினால் ஒயர் கொதிக்கும், உறை உருகும், கம்பி காரின் தகட்டைத் தொட்டால் பேட்டரி சில நூறு ஆம்பியரை ஒரே நொடியில் கொட்டிவிடும். தீப்பற்றுவதற்கு அதுவே போதும். இத்திறனுக்கு 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தூய செம்பு ஒயராவது தேவை. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய ஒயர் பார்வைக்கு அதேபோல் இருக்கும். விலை குறைவு, மின்தடை கூடுதல். வெட்டிய முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரிந்துவிடும்.

முதன்மை ஃபியூஸை பேட்டரியிலிருந்து ஒயர் வழியே 45 சென்டிமீட்டருக்குள் பொருத்த வேண்டும். ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அன்று, ஒயரை. டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் அருகே மட்டும் ஃபியூஸ் வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து டிக்கிவரை நான்கு மீட்டர் ஒயரைக் காப்பின்றி விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். எஞ்சின் அறைத் தகட்டைத் துளைத்து ஒயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

வீட்டிலேயே பொருத்த விரும்புவோர் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றிய பின்னரே பேட்டரி அருகே செல்ல வேண்டும். 12 வோல்ட் ‘ஷாக்’ அடிக்காது என்பது மெய். ஆனால் நேர்முனைக்கும் தகட்டுக்கும் இடையே மோதிரம் அகப்பட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுற்றிலும் ஆழ்ந்த தீக்காயத்தை உண்டாக்கும். முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கனமான சப்வூஃபர் பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கவும் வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் 30 கிலோ பெட்டி பின்னிருக்கையின்மீது பாயும்.

உட்செவியின் கணக்கு

நத்தை ஓட்டின் வடிவில் சுருண்டிருக்கும் உட்செவிக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான செல்களைக் கொண்ட உடலில் இது மிகச் சிறிய எண். ஒலியதிர்வு இச்செல்களின் நுனியிலுள்ள நுண்மயிர்களை வளைக்கும். அந்த வளைவே மின்குறிப்பாக மாறி மூளைக்குச் செல்லும். பேரொலியில் அவை வயலில் சாய்ந்த கதிர்போல் படுத்துவிடும். ஓய்வு கிடைத்தால் ஓரிரு நாளில் நிமிரக்கூடும். இரைச்சலுக்குப் பின் காது அடைத்ததுபோல் இருந்து மறுநாள் சரியாவது இதனால்தான். சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து மீண்டும் மீண்டும் அதையே செய்தால், ஒருநாள் அச்செல் மடிகிறது. பறவைகளுக்கு அது மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை.

பெரும்பாலும் முதலில் பழுதாவது 4000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள பகுதி. ‘ச’, ‘ஸ’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகளின் தெளிவு பெரிதும் உயர்சுருதிப் பகுதிகளையே நம்பியிருக்கிறது. எனவே பழுதானவருக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. குடும்பத்தார் இதைக் கவனமின்மை என்றும் அலட்சியம் என்றும் கடிந்துகொள்கின்றனர்.

எவ்வளவு ஒலியை எவ்வளவு நேரம் கேட்கலாம்? பணியிடங்களுக்காக அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 97-இல் அரை மணி, 100-இல் கால் மணி. இன்பத்திற்காகக் கேட்கும் இசைக்கு உலக சுகாதார நிறுவனம் இன்னும் கண்டிப்பான அளவை முன்வைக்கிறது: பெரியோர்க்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே நேரத்திற்கு 75 டெசிபல். பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் செவித்திறன் இழக்கும் அபாயத்தில் இருப்பதாகவும் அந்நிறுவனம் கூறுகிறது.

எங்களிடம் வந்த இளைஞரின் காரில், அவர் வழக்கமாக வைக்கும் நிலையில், ஓட்டுநர் இருக்கையில் அளவியை வைத்துப் பார்த்தோம். 104 டெசிபல். அந்த அளவுக்கு ஒரு நாளில் உள்ள வரம்பு ஆறு நிமிடம். அவர் வேலைக்குப் போகவும் வரவும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினார்.

கைப்பேசிச் செயலியால் அளக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். தோராயமாக அறிய அது உதவும். ஆனால் கைப்பேசியின் மைக் பேச்சுக்காக ஆனது. ஆழ்ந்த ஒலியைச் சரிவரப் பிடிக்காது. மேலும் ‘ஏ’ வகை அளவீட்டில் 50 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளதைவிட 30 டெசிபல் குறைத்துக் காட்டப்படும். ஆழ்ந்த ஒலி, அதே டெசிபலில் உயர்சுருதி ஒலியைவிடக் காதுக்குக் குறைந்த தீங்கே செய்யும் என்பது உண்மைதான். இடர் எங்கே என்றால், சப்வூஃபரின் முழக்கத்துக்கு ஈடாக மற்ற ஸ்பீக்கர்களையும் உயர்த்திவிடுவதில் இருக்கிறது. கருவி ஏதுமின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லையெனில் 85 டெசிபலைத் தாண்டிவிட்டீர்கள்.

சிலருக்குக் கூடுதல் கவனம்

பின்னிருக்கையில் அமரும் குழந்தைக்கே சப்வூஃபரும் பின்தட்டு ஸ்பீக்கர்களும் மிக அருகில் இருக்கின்றன. முன்னிருப்போர் தம் காதுக்கு ஏற்ப வைத்த ஒலி, குழந்தையின் காதருகே இன்னும் கூடுதலாக இருக்கும். குழந்தை உடன் வரும்போது பின்பக்க ஸ்பீக்கர்களைத் தணித்து, ஒலியை முன்பக்கம் நகர்த்திக்கொள்ளும் வசதி எல்லா ஸ்டீரியோவிலும் உண்டு. கருவுற்ற தாய்மார் பேரொலியையும் அதிர்வையும் தவிர்ப்பது நன்று. தாழ்சுருதி ஒலி வயிற்றின் வழியே உட்சென்று கருவை எட்டக்கூடியது. தாயின் காதை மட்டும் மூடிக்கொள்வதால் பயனில்லை.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காரில் அமர்ந்து பாட்டுக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பெரிய ஸ்பீக்கரின் பின்புறம் வலிய காந்தம் இருக்கிறது. அதை மார்போடு அணைத்துத் தூக்கும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்; கருவிக்கும் காந்தத்துக்கும் இடையே 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். உட்செவிக் கருவி பொருத்திய பிள்ளைகளின் தலைக்கருகிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

நுரையீரலைப் பற்றியும் ஒரு சொல். 2004-ஆம் ஆண்டு ‘தோராக்ஸ்’ என்னும் மருத்துவ இதழில் பெல்ஜிய மருத்துவர்கள், பேரொலி இசையின் அருகே இருந்தபோது நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து அது சுருங்கிப்போன சில நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுள் ஒருவர் காரில் 1000 வாட் ஒலிப்பெட்டி வைத்திருந்தவர். மிக அரிதான நிகழ்வு இது. அச்சம் கொள்ள வேண்டா. ஆனால் முன்பு ஒருமுறை நுரையீரல் சுருங்கியவர்கள், திடீரெனப் பக்கவாட்டில் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

வெளியே நிற்போர் பற்றியும் எண்ண வேண்டும். மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபலே வரம்பு. எங்கள் வாயிலைக் கடந்து செல்லும் சில கார்களின் முழக்கம் மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் நோயாளிகளின் சன்னலை அதிரச் செய்கிறது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி அந்தக் காரின் உள்ளே கேட்காது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்போது வர வேண்டும்

காதில் இடைவிடாத இரைச்சல், பேச்சுக் கேட்டும் சொல் விளங்காமை, தொலைக்காட்சியின் ஒலியை வீட்டார் கடிந்துகொள்ளும் அளவுக்குக் கூட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பரிசோதனைக்கு வாருங்கள். வலி இராது, அரை மணி நேரம் போதும். ஒலி புகாத அறையில் அமர்ந்து, கேட்கும்போது பொத்தானை அழுத்துவதே வேலை. அதற்கு முந்தைய 16 மணி நேரமேனும் உரத்த இசை கேட்காமல் வர வேண்டும். இல்லையேல் தற்காலிக மந்தத்தையும் நிலையான பழுதையும் பிரித்தறிய இயலாது. ஒரு காதோ இரு காதுகளோ திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ, கேட்காமல் போனால் அது வேறு. அதை அவசரநிலையாகக் கருதி அன்றே வாருங்கள். சிகிச்சையைத் தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மீட்சிக்கான வாய்ப்பைக் குறைக்கிறது. சளி அடைத்திருக்கும் என்று வீட்டிலேயே எண்ணெய் விட்டுக் காலம் கடத்தாதீர்கள்.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் நிறையவில்லை. நிறையப் போவதும் இல்லை. காதிரைச்சலை முற்றிலும் போக்கும் மருந்தும் இல்லை. அதோடு வாழும் பயிற்சியும், உறங்கும்போது அறையில் மெல்லிய பின்னணி ஒலி வைப்பதும் அவருக்கு உதவுகின்றன. அமைப்பைக் கழற்றி எறியுமாறு நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் மறுமுறை வந்திருக்கமாட்டார். கதவுகளுக்கு விரிப்பு ஒட்டச் செய்தோம். ஆம்ப்ளிஃபையரின் ‘கெயின்’ திருகைத் தணித்து, ஸ்டீரியோவில் ஒலி எண் 18-ஐத் தாண்டாதபடி அவரே வரம்பு அமைத்துக்கொண்டார். மறுபடி அளந்தபோது 82 டெசிபல். ஆறு மாதத்திற்குப் பின் நடந்த பரிசோதனையில் பள்ளம் இன்னும் ஆழமாகவில்லை. அடுத்த பரிசோதனை மார்ச் 3, உலக செவித்திறன் நாளன்று நடைபெறும் இலவச முகாமில். தம் காரில் இசைப்பெட்டி வைத்திருக்கும் நண்பர்கள் நால்வரையும் அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்; அளவியுடன் வாகன நிறுத்துமிடத்தில் காத்திருப்போம்.